மேல்முறையீட்டில் வாய்தா கேட்பது: எப்போது உரிமை, எப்போது அநீதி?



பாகப்பிரிவினை, கடை வாடகை, கூட்டு வியாபாரக் கணக்கு, வீட்டு எல்லைத் தகராறு என்று ஏதோ ஒரு சிவில் வழக்கு நம் குடும்பங்கள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பு வந்த பிறகும் அது முடிவதில்லை. தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போகிறார். அங்கே நாள் குறித்த பிறகு, "இந்தத் தேதி வேண்டாம், வாய்தா வாங்கிவிடுங்கள்" என்று வழக்கறிஞரிடம் சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஆனால் வாய்தா ஒரு சிறிய விஷயமல்ல. உரிய காரணத்துக்காகக் கேட்கத் தெரியாமல் மேல்முறையீட்டையே இழந்தவர்கள் உண்டு. காரணமே இல்லாமல் வாய்தா மேல் வாய்தா வாங்கி, உடன்பிறந்த சகோதரியின் பங்கை ஆண்டுக்கணக்கில் அனுபவித்து வருபவர்களும் உண்டு. ஆகவே மேல்முறையீட்டு விசாரணையை ஒத்திவைக்கக் கோருவது பற்றி நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது, நீதிமன்றங்கள் எந்தக் காரணத்தை ஏற்கின்றன, மார்க்கம் எங்கே எல்லை வகுக்கிறது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மேல்முறையீடு ஏன் வேறுபட்டது?

கீழ்க்கோர்ட்டில் நடப்பது அசல் வழக்கு. அங்கே சாட்சி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். எனவே வழக்காடுபவரே நேரில் வர வேண்டிய நாட்கள் இருக்கும். மேல்முறையீட்டில் அப்படியல்ல. கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியங்களையும் ஆவணங்களையும் வைத்துக்கொண்டு இரு தரப்பு வழக்கறிஞர்களும் வாதிடுவார்கள். புதிய சாட்சியம் சேர்ப்பது அரிது. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 41, விதி 27-இல் சொல்லப்பட்ட சில சூழ்நிலைகளில் மட்டுமே அதற்கு அனுமதி கிடைக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கிய விஷயம் புரிய வேண்டும். "நான் துபாயில் இருக்கிறேன்", "உம்ராவுக்குப் போகிறேன்", "மகள் நிக்காஹ் இருக்கிறது" என்பவை அசல் வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் நல்ல காரணங்களாக இருக்கலாம். மேல்முறையீட்டில் பொதுவாக அவற்றுக்கு எடை இல்லை. நாம் ஊரில் இல்லாவிட்டாலும் நம் வழக்கறிஞர் வாதிட முடியும் என்பதே நீதிபதியின் பதிலாக இருக்கும்.

சட்டத்தின் அளவுகோல்

ஒத்திவைப்பு பற்றிய விதி சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17. "போதிய காரணம்" காட்டினால் நீதிமன்றம் அவகாசம் தரலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு 3 முறைக்கு மேல் தரக்கூடாது என்று அது சொல்கிறது. இன்றைய வடிவில் இந்தக் கட்டுப்பாடு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமாகாது என்றும் அதே விதி கூறுகிறது. வழக்கறிஞருக்கு உடல்நலமில்லை என்றால்கூட, உரிய நேரத்தில் வேறொருவரை அமர்த்த முடியாத நிலை இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். வாய்தா தரும்போது எதிர்தரப்புக்குச் செலவுத் தொகை கொடுக்கவும் உத்தரவிட வேண்டும்.

இந்த விதி அசல் வழக்குகளுக்காக எழுதப்பட்டது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் ஏறக்குறைய அதே அதிகாரங்களும் கடமைகளும் உண்டு என்று பிரிவு 107 சொல்வதால், அங்கும் நீதிபதிகள் "போதிய காரணம்" என்ற அதே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

3 முறை என்ற வரம்பு இரும்புச் சுவரா? சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்படுதல், பெரும் விபத்து, இயற்கைப் பேரழிவு போன்று மனிதனின் கைமீறிய நிலைகளில் வரம்பைத் தாண்டியும் அவகாசம் தரலாம் என்றது. அதே சமயம் 2011-இல் சிவ் கோடெக்ஸ் வழக்கில், 3 வாய்தா என்பது ஒவ்வொருவருக்கும் எழுதி வைக்கப்பட்ட உரிமை அல்ல. முதல் வாய்தாவுக்கே நியாயமான காரணம் வேண்டும் என்று கண்டிப்புடன் தெளிவுபடுத்தியது.

நாம் அனைவரும் அறிந்த ஒரு மேல்முறையீடு

எந்தக் காரணம் எடுபடும், எது எடுபடாது என்பதற்குப் பாப்ரி மஸ்ஜித் நில வழக்கைவிடத் தெளிவான பாடம் இல்லை. அதன் இறுதித் தீர்ப்பு நம் உள்ளங்களில் ஏற்படுத்திய வேதனை வேறு விஷயம். இங்கே ஒத்திவைப்புக் கோரிக்கைகளை மட்டும் பார்ப்போம்.

அலகாபாத் உயர் நீதிமன்றம் 2010 செப்டம்பர் 30 அன்று நிலத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னது. எல்லாத் தரப்பும் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய, 2011 மே 9 அன்று அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. அவை சிவில் மேல்முறையீடுகள். நெடுங்காலம் கிடப்பில் கிடந்த அவற்றுக்கு 2017 டிசம்பர் 5 அன்று விசாரணை குறிக்கப்பட்டது. மஸ்ஜித் இடிக்கப்பட்டு 25 ஆண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பு அது.

அன்று முஸ்லிம் தரப்பில் மூத்த வழக்கறிஞர்கள் கபில் சிபல், ராஜீவ் தவான், துஷ்யந்த் தவே ஆகியோர் நின்றார்கள். ஒத்திவைக்கக் கோரி அவர்கள் வைத்த காரணங்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று: இவ்வழக்கின் விளைவு நீதிமன்றத்துக்கு வெளியே அரசியலாக்கப்படும், ஆகவே மக்களவைத் தேர்தல் முடிந்து 2019 ஜூலைக்குப் பிறகு விசாரிக்க வேண்டும். இரண்டு: பல மொழிகளில் உள்ள ஆயிரக்கணக்கான ஆவணங்களின் மொழிபெயர்ப்பும் தாக்கலும் இன்னும் முழுமையடையவில்லை.

தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் அசோக் பூஷண், அப்துல் நசீர் அடங்கிய அமர்வு முதல் காரணத்தை ஏற்க மறுத்துவிட்டது. தேர்தல் கணக்கு நீதிமன்றத்தின் கணக்கல்ல என்பதே அதன் பொருள். ஆனால் ஆவணங்களை இரு தரப்பு வழக்கறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒழுங்குபடுத்தச் சொல்லி, 2018 பிப்ரவரி 8-க்கு வழக்கைத் தள்ளி வைத்தது. பிப்ரவரி 8 வந்தபோதும் மொழிபெயர்ப்புகள் நிறைவு பெறாததால் மார்ச் 14-க்குத் தள்ளிப் போனது.

ஒரே நாள், ஒரே வழக்கறிஞர்கள், ஒரே நீதிபதிகள். வழக்கின் உள்ளிருந்து வந்த காரணம் எடுபட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்த காரணம் எடுபடவில்லை. அதுமட்டுமல்ல, தேர்தலைக் காரணம் காட்டிய அந்தக் கோரிக்கை மறுநாளே குஜராத் தேர்தல் மேடைகளில் நமக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. தேவையற்ற காரணத்தைச் சொல்வது பயன் தராமல் போவதோடு, கேட்டவருக்கே கேடாகவும் முடியலாம்.

பின்னர் நடந்ததும் இதையே காட்டுகிறது. 2018 அக்டோபர் 29 அன்று விரைந்து விசாரிக்கக் கோரியவர்களுக்கு இணங்காமல், தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் அமர்வு வழக்கை ஜனவரிக்கு அனுப்பியது. 2019 ஜனவரி 10 அன்று, நீதிபதி யு.யு. லலித் முன்பு இதனுடன் தொடர்புள்ள ஒரு வழக்கில் கல்யாண் சிங்குக்காக வழக்கறிஞராக ஆஜராகியிருந்ததை ராஜீவ் தவான் சுட்டிக்காட்டினார். அந்த நீதிபதி விலகிக்கொள்ள, விசாரணை ஜனவரி 29-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அமர்வு நீதிபதி ஒருவர் வர இயலாததால் அந்தத் தேதியிலும் நடக்கவில்லை. மார்ச் மாதம் சமரசம் பேச நீதிமன்றமே அவகாசம் தந்தது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி இப்ராஹிம் கலிஃபுல்லா.

சமரசம் கூடாதபோது 2019 ஆகஸ்ட் 6 முதல் அன்றாட விசாரணை தொடங்கியது. 40-ஆம் நாளான அக்டோபர் 16 அன்று இன்னும் நேரம் கேட்டவர்களிடம், இன்று மாலை 5 மணியோடு முடிகிறது, போதும் என்று கூறிவிட்டார் தலைமை நீதிபதி. ஆவணக் குறை, நீதிபதி பற்றிய நியாயமான ஆட்சேபம், சமரச முயற்சி ஆகிய மூன்றுக்கும் அவகாசம் கிடைத்தது. அரசியல் சூழலுக்கும், எல்லோரும் பேசி முடித்த பின் இன்னும் பேச வேண்டும் என்பதற்கும் கிடைக்கவில்லை.

நம் வழக்குகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால்

பொதுவாக ஏற்கப்படும் காரணங்கள்:

- கீழ்க்கோர்ட் கட்டு வந்து சேரவில்லை, அல்லது சாட்சிய நகல்கள் நமக்குக் கிடைக்கவில்லை.
- வழக்கில் ஒருவர் மவுத்தாகிவிட்டார். வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். (இதற்கு 90 நாள் காலக்கெடு உண்டு. தவறினால் இறந்தவரைப் பொறுத்து மேல்முறையீடு அற்றுப்போகும். வாய்தா வாங்கினால் மட்டும் போதாது, வாரிசு சேர்ப்பு மனுவும் போட வேண்டும்.)
- வாதிட வேண்டிய வழக்கறிஞர் திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், அல்லது காலமானார்.
- இரு தரப்பும் சமரசம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருவருமே அவகாசம் கேட்கிறார்கள்.
- நோட்டீஸ் நமக்கு முறையாக வந்து சேரவில்லை.

பொதுவாக ஏற்கப்படாதவை:

- வழக்காடுபவர் வெளிநாட்டில் இருக்கிறார்.
- வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்.
- கடைசி நேரத்தில் வழக்கறிஞரை மாற்றிவிட்டோம், புதியவர் படிக்க வேண்டும். (ஒரு முறை இரக்கம் காட்டலாம், இரண்டாம் முறை காட்ட மாட்டார்கள்.)
- ஜமாஅத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு தரப்பு மட்டும் சொல்வது.

பிறை தென்படுவதைப் பொறுத்துப் பெருநாள் ஒரு நாள் தள்ளிப் போய், நம் விசாரணை நாளும் அதுவும் ஒன்றாகிவிட்டால், எதிர்தரப்பு வழக்கறிஞருக்கு முன்கூட்டியே தெரிவித்து இணக்கத்துடன் கேட்பது நல்லது.

எப்படிக் கேட்க வேண்டும்?

முதலில், தேதி எது என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதியும் முந்தைய உத்தரவுகளும் தெரியும். இந்த எண்ணை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி வீட்டில் ஒருவராவது குறித்து வைத்திருக்க வேண்டும்.

காரணம் தெரிந்த அன்றே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். விசாரணை நாள் காலையில் சொல்வதற்கும் பத்து நாள் முன்பு சொல்வதற்கும் நீதிபதியின் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு. வாய்மொழியாகக் கேட்பதைவிட, காரணத்தை விளக்கும் மனுவும் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்வது பலமானது. மருத்துவக் காரணம் என்றால் மருத்துவமனைச் சான்று, மரணம் என்றால் இறப்புச் சான்றிதழ், நகல் கிடைக்கவில்லை என்றால் நகலுக்கு மனுச் செய்த தேதி ஆகியவற்றை இணைக்க வேண்டும். எவ்வளவு நாள் தேவை என்பதையும் திட்டமாகச் சொல்ல வேண்டும். "அவகாசம் வேண்டும்" என்பதைவிட "நகல் பெற மூன்று வாரம் வேண்டும்" என்பது நம்பிக்கை தரும். எதிர்தரப்பு வழக்கறிஞரிடம் முன்பே தெரிவிப்பது மரியாதை மட்டுமல்ல; அவர் ஆட்சேபிக்காவிட்டால் வேலை எளிதாகும்.

இன்னொன்று: மனுப் போட்டுவிட்டோம் என்பதால் வாய்தா கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அன்று நம் வழக்கறிஞர் வாதிடத் தயாராகவே கோர்ட்டில் நிற்க வேண்டும். மறுக்கப்பட்டால் அங்கேயே வாதம் தொடங்கிவிடும்.

யாருமே போகாவிட்டால்?

மேல்முறையீடு செய்தவரோ அவர் வழக்கறிஞரோ அழைக்கும்போது இல்லையென்றால், கட்டளை 41, விதி 17-இன்படி நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யலாம். எதிர்தரப்பு வரவில்லையென்றால் ஒருதலையாக விசாரித்து முடிக்கலாம். மேல்முறையீட்டாளர் இல்லாதபோது வழக்கின் தகுதியை ஆராய்ந்து அவருக்கு எதிராகத் தீர்ப்பெழுத அந்த விதி இடம் தருவதில்லை. வராமைக்காகத் தள்ளுபடி மட்டுமே செய்யலாம்.

தள்ளுபடியானால் வழி அடைபட்டுவிடவில்லை. வராததற்குப் போதிய காரணம் காட்டி, விதி 19-இன்கீழ் மீண்டும் கோப்பில் எடுக்க மனுச் செய்யலாம். ஒருதலையாகத் தீர்ப்பு வந்திருந்தால் எதிர்தரப்பு விதி 21-இன்கீழ் மறுவிசாரணை கோரலாம். இரண்டுக்கும் காலக்கெடு 30 நாள். தாமதமானால் அதை மன்னிக்கத் தனி மனு வேண்டும். 30 நாள் என்பதை நினைவில் நிறுத்துங்கள். நம் மக்கள் பலர் இதை அறியும்போது மாதங்கள் ஓடிவிட்டிருக்கும்.

மார்க்கம் வகுக்கும் எல்லை

அவகாசம் தருவது இஸ்லாமிய நீதி முறைக்கு அந்நியமானதல்ல. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒருவர் சொல்வதைக் கேட்டதுபோல் மற்றவர் சொல்வதையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத், திர்மிதீ). உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், தன் ஆதாரம் கைவசம் இல்லை என்று சொல்பவருக்கு ஒரு தவணை குறித்துக் கொடுக்கும்படியும், அதற்குள் கொண்டுவந்தால் அவர் உரிமையை வழங்கும்படியும், கொண்டுவராவிட்டால் அவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்கும்படியும் கட்டளையிட்டார்கள். இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) இக்கடிதத்துக்கு மிக விரிவான விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

இக்கடிதத்தில் இரண்டு பகுதிகளைக் கவனியுங்கள். தவணை உண்டு, ஆனால் அதற்கு முடிவும் உண்டு. ஆதாரம் கொண்டுவருவதற்காகத்தான் தவணை. மற்றவரைக் களைப்படைய வைப்பதற்காக அல்ல.

வசதியுள்ளவன் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (புகாரீ, முஸ்லிம்). வாப்பா விட்டுச் சென்ற கடையின் வாடகையை அண்ணன் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருக்கிறார். தங்கைக்குப் பங்கு உண்டு என்று கீழ்க்கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. அண்ணன் மேல்முறையீடு செய்து இடைக்காலத் தடை வாங்கிவிட்டு, ஒவ்வொரு தேதியிலும் ஒரு காரணம் சொல்கிறார். இது அந்த ஹதீஸ் சொல்லும் இழுத்தடிப்பு இல்லையென்றால் வேறு எது? ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கை அல்லாஹ் சூரத்துந் நிஸாவில் விதித்துவிட்டான். கோர்ட் தரும் தேதி அந்தக் கடமையைத் தள்ளி வைப்பதில்லை.

வாதத் திறமையால் ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தாலும், அது தன் சகோதரனின் உரிமையாக இருந்தால் அவர் பெறுவது நெருப்புத் துண்டுதான் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). நபியவர்களின் தீர்ப்பாலேயே ஹராம் ஹலாலாகாது என்றால், வாங்கிய வாய்தாவால் எப்படி ஆகும்? பொய்யான மருத்துவச் சான்று கொடுத்து வாய்தா வாங்குவது பொய்ச் சாட்சியத்துக்கு ஒப்பானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எதிர்தரப்பு இழுத்தடித்தால்

பாதிக்கப்பட்டவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடாது. தடை உத்தரவு இல்லையென்றால் நிறைவேற்று மனுப் போடலாம் (கட்டளை 41, விதி 5). தடை இருந்தால், வாடகையைக் கோர்ட்டில் கட்டச் சொல்லும் நிபந்தனை கேட்கலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆட்சேபம் தெரிவித்து, செலவுத் தொகை கோரி, அதைப் பதிவு செய்யச் சொல்லலாம். தாமதம் செய்பவர் மீது செலவுத் தொகை விதிக்கப் பிரிவு 35பி-யும் இருக்கிறது. வயதானவர் என்றால் அதைச் சுட்டி விரைவு விசாரணைக்கு மனுச் செய்யலாம்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத சகோதரிகள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது சமரசம். அதற்காக இரு தரப்பும் சேர்ந்து கேட்கும் வாய்தாவே மிகவும் பரக்கத்தான வாய்தா. தமிழ்நாட்டில், நீதிமன்றத்துக்கு வெளியே தாமாகப் பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகளும் உலமாக்களும் இதை எடுத்துச் சொல்லிக் குடும்பங்களைச் சேர்த்து வைக்க முன்வர வேண்டும்.

அடுத்த முறை "வாய்தா வாங்குங்கள்" என்று சொல்லும் முன் ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வோம்: இந்த அவகாசத்தில் நான் செய்யப்போகும் வேலை என்ன? பதில் இருந்தால் தயங்காமல், முறையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பதில் இல்லையென்றால், அந்த நாட்கள் வேறொருவருடைய உரிமையிலிருந்து எடுக்கப்படுகின்றன. மறுமையின் விசாரணைக்கு வாய்தா கிடையாது.

பிறர் உரிமையைப் பேணி நடப்போராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.